கட்டுச்சோறும் அலுவலக மேசையும்

ஆளுக்கொரு பண்டத்தை வீட்டில் சமைத்து எடுத்துவந்து, அலுவலகத்தில் ஒரே மேசையில் பரப்பிப் பகிர்ந்து உண்பதற்குப் 'பாட்லக்' என்ற பெயர் தமிழ்நாட்டு நகரங்களிலும் நிலைத்துவிட்டது. பொங்கலை ஒட்டியோ, தீபாவளிக்கு முந்தைய வேலைநாளிலோ, ஆண்டிறுதியிலோ இது நடக்கிறது. வீட்டு விருந்தில் சோறு அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வரும். இங்கே அப்படியில்லை. காலை ஆறு மணிக்கு இறக்கிய பண்டம் பேருந்திலும் மின்ரயிலிலும் பயணம் செய்து, யாருடைய மேசைக்கடியிலோ காத்துக்கிடந்து, பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. அந்த ஏழு மணி நேரத்தைத் தாங்குவதே பாட்லக் பண்டத்துக்கு வேண்டிய முதல் தகுதி. சமைத்தவரின் கையையும் அடுக்களையையும் அறியாதவர் நம்பி உண்ணத்தக்கதாக இருப்பது அடுத்த தகுதி. இவ்விரண்டையும் நிறைவேற்றும் உணவைத் தமிழ்ச் சமையல் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து, கட்டுச்சோறு என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. எந்தப் பருவத்தில் எதைக் கொண்டு கட்டுச்சோறு ஆக்குவது என்ற அறிவுதான் இன்று அலுவலக மேசைக்குத் தேவைப்படுகிறது.

பாட்லக் என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவானது தாமஸ் நாஷ் 1592-இல் எழுதிய உரைநடை நூலொன்றில். சொல்லாமல் வந்த விருந்தாளிக்குப் பானையில் இருப்பது எதுவோ அதுவே அவன் பாக்கியம் என்பது அன்றைய பொருள். பலர் கூடி ஆளுக்கொன்று கொண்டுவரும் விருந்து என்ற பொருள் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றி, தேவாலயக் கூடங்களில் வளர்ந்து, 1930-களின் பெருமந்தக் காலத்தில் வேரூன்றியது. ஒரு வீட்டால் முடியாத விருந்தை இருபது வீடுகள் சேர்ந்தால் நடத்திவிடலாம் என்ற தேவைதான் காரணம். வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகள் செல்வத்தைப் பிறருக்கு வாரி வழங்கும் 'பாட்லாட்ச்' சடங்கிலிருந்து இச்சொல் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஒலியொற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடைசெய்து வைத்திருந்த அந்தச் சடங்கின் நோக்கமும் முறையும் முற்றிலும் வேறு.

கொண்டுவந்து உண்பது எல்லாமே பகிர்ந்து உண்பதாகிவிடாது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரம் இதைத்தான் கண்டிக்கிறது. கூடிவந்தவர்கள் அவரவர் கொண்டுவந்ததை அவரவரே முந்திக்கொண்டு உண்டுவிட, ஒருவர் பசியோடிருக்க, இன்னொருவர் வெறித்திருந்தார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மேசைக்கு வந்த பாத்திரம் அந்தக் கணமே பொதுவாகிவிட வேண்டும் என்ற விதி இல்லாமல் இந்த விருந்து நிற்காது.

அமெரிக்க அலுவலகங்களில் பாட்லக்குக்குப் பேர்போன காலம் நவம்பர். அம்மாதத்தின் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள் என்பது 1941-இல் சட்டமானது. அதற்கு முந்தைய நாட்களில் அலுவலக மேசைகள் நிரம்புகின்றன. அங்கே தவறாமல் தலைகாட்டும் பண்டம், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து சுட்டெடுக்கும் பச்சை பீன்ஸ் கேசரோல். நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணியாற்றிய டார்கஸ் ரைலி 1955-இல் உருவாக்கியது அது. எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே ஆக வேண்டும் என்பது அவர் முன்னிருந்த நிபந்தனை. அதனால் பீன்ஸ், டப்பாவில் வரும் காளான் சூப், பால், சோயா சாறு, மிளகுத்தூள், மேலே தூவப் பொரித்த வெங்காயம் என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. காளான் சூப் 1934 முதலே அந்நிறுவனத்தின் சரக்கு. சூட்டைத் தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் 1915-லேயே சந்தைக்கு வந்திருந்ததால், அடுப்பில் வைத்த பாத்திரத்தையே மேசைக்கும் கொண்டுபோக முடிந்தது.

இந்தப் பண்டத்தின் பருவத்தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. பச்சை பீன்ஸ் விளைவது கோடையில். விருந்து நடப்பதோ பனி இறங்கும் காலத்தில். டப்பாவும் உறைபதனமும் அந்த இடைவெளியை நிரப்பின. ஆகவே நிலத்தின் பருவத்தைவிட நாட்காட்டியின் பருவமே அதில் மிகுதி. அதே மேசைக்கு வரும், மாவுத் தட்டில் பூசணிக் கூழை நிரப்பிச் சுட்ட பூசணிப் பை ஓரளவுக்கு நேர்மையானது. பூசணி அங்கே உண்மையாகவே இலையுதிர்கால விளைச்சல். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதுவும் டப்பாவிலிருந்தே வருகிறது. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரைச் சுற்றிய வயல்கள் அந்த டப்பாத் தொழிலுக்கு மையம். அறுவடை முடிந்ததும் வேகவைத்து அடைக்கப்படும் பூசணி ஆண்டு முழுதும் ஒரே சுவையில் கிடைக்கும்போது, நவம்பருக்கு அதை ஒதுக்கிவைப்பது மரபின் மேலுள்ள பிடிப்பு மட்டுமே.

காத்திருக்கும் நேரத்துக்கு அமெரிக்கர் கண்ட விடை ஒரு கருவி. இர்விங் நாக்சன் என்ற பொறியாளர் 1940-இல் காப்புரிமை பெற்ற மெதுசமையல் பானை, 1971-இல் ரைவல் நிறுவனத்தின் கையில் 'கிராக் பாட்' ஆகப் பரவியது. லித்துவேனியாவிலிருந்து வந்த அவருடைய தாய், யூதர்களின் ஓய்வுநாளுக்காக முந்திய மாலையே அடுமனை அடுப்பின் மிச்சச் சூட்டில் ஊர்ப் பானைகளெல்லாம் இரவு முழுக்க வேகும் கதையைச் சொன்னதே அதற்கு வித்து. பானையை அலுவலகத்துக்கே தூக்கிவந்து மின்னிணைப்பில் செருகிவிட்டால், பண்டம் உண்ணும் வரை கொதிசூட்டிலேயே இருக்கும். தமிழர் கண்ட விடையில் கருவி எதுவும் இல்லை. பண்டத்தின் உள்ளேயே பாதுகாப்பை வைத்துச் சமைத்தார்கள்.

தமிழ்நாட்டில் பாட்லக்குக்கு முன்னோடியாக உடனே நினைவுக்கு வருவது கூட்டாஞ்சோறு. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி, கொஞ்சம் பருப்பு, இரண்டு கத்தரிக்காய் என்று பிள்ளைகள் வாங்கிவந்து தோப்பில் கல் கூட்டிச் சமைத்து உண்ட விளையாட்டு அது. நெல்லைச் சீமையில் அதே பெயரில், அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, மாங்காய், பல காய்கள் சேர்ந்த ஒற்றைப்பானைச் சோறு வீட்டுச் சமையலாகவே இருக்கிறது. ஆனால் கூட்டாஞ்சோற்றில் சேர்ந்தவை சமைக்காத பொருள்கள். இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. அரிசியும் காயும் தெருவுக்குத் தெரு போய்வருவதற்குச் சாதி தடையாக இருந்ததில்லை. சமைத்த சோறு போய்வருவதற்கு இருந்தது. யார் கையால் சமைத்ததை யார் வாங்கி உண்பார் என்ற கணக்கைக் கொண்டே ஒரு சிற்றூரின் சாதி வரிசையை முழுவதும் வரைந்துவிடலாம் என்பதை உத்தரப் பிரதேச ஊர் ஒன்றை ஆராய்ந்த மானுடவியலர் மெக்கிம் மாரியட் 1968-இல் காட்டினார். தமிழ்நாட்டுக்கும் அது அந்நியமான செய்தியன்று.

அந்தக் கணக்கை உடைக்க நடந்த முயற்சிகள் பல. வள்ளலார் வடலூரில் 1867-இல் சத்திய தருமசாலையைத் தொடங்கிப் பேதம் பாராமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டார். 1917-இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் தாழ்த்தப்பட்ட மக்களோடு உடனிருந்து உண்ணும் மிச்ரபோஜனத்தை நடத்தி, சொந்தச் சமூகத்தின் விலக்குக்கு ஆளானார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி போடப்பட்டது வெளிப்பட்டு, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துப் போராடிய 1920-களின் கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. சுதந்திர நாளன்று கோயில்களில் அரசு நடத்தும் சமபந்தி விருந்து இந்த வரிசையில் வருவது. அங்கெல்லாம் பொது அடுப்பில் சமைத்ததை எல்லாரும் உண்டார்கள். அலுவலக மேசையில் நடப்பது அதற்கும் ஒரு படி அப்பால்: ஒவ்வொருவர் வீட்டு அடுப்பிலிருந்தும் வந்த சோறு ஒவ்வொருவர் தட்டுக்கும் போகிறது. பெயர் இறக்குமதியானது என்பதற்காக இதை மேம்போக்கான வேடிக்கையாக எண்ணிவிடக் கூடாது. நூறாண்டுக்கு முன் கிளர்ச்சி செய்து பெற வேண்டியிருந்த ஒன்று இது. சில அலுவலகங்களில் சைவப் பண்டம் மட்டுமே கொண்டுவரலாம் என்று எழுதாத விதியிருப்பது அந்தப் பழைய கோட்டை வேறு மையில் மறுபடி போடுகிறது. இறைச்சிப் பண்டத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் வைத்துப் பெயரெழுதிவிட்டால் உண்ணாதவர்க்கும் குறையில்லை, கொண்டுவருபவர்க்கும் இழிவில்லை.

சமைத்த சோறு பயணம் போன மரபு கட்டுச்சோற்றில் இருக்கிறது. பசித்து வழிநடந்த நாவுக்கரசருக்குத் திருப்பைஞ்ஞீலிக்கு அருகிலும், சுந்தரருக்குக் குருகாவூருக்கு அருகிலும் இறைவன் பொதிசோறு தந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வழிப்பயணத்துக்குப் பொதிசோறு என்பது அன்றைக்கே எல்லாரும் அறிந்த வழக்கம் என்பதற்கு அதுவே சான்று. பிற்காலத்தில் திருமணம் முடிந்து புறப்படும் சம்பந்திகளுக்குக் கட்டுச்சாதக் கூடை கொடுத்தனுப்புவதும், கருவுற்ற மகளைப் பார்க்கப் பிறந்த வீட்டார் சோற்று வகைகள் கட்டிக்கொண்டு வருவதும், ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எனச் சித்திரான்னங்களைப் பிரித்து உண்பதும் அதன் கிளைகள். காணும் பொங்கலன்று சென்னை மெரினா மணலில் திறக்கப்படும் தூக்குச்சட்டிகளிலும் இதே பண்டங்கள்தாம். இவற்றின் செய்முறையில் காலத்தைத் தாங்கும் அறிவு ஒளிந்திருக்கிறது.

அந்த அறிவு எதற்கு எதிரானது என்பதைத் தெரிந்துகொண்டால் செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் பொருள் விளங்கும். அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கின்றன. கொதிநீரில் அவை சாவதில்லை. வெந்த சோறு ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் சும்மா கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. பெருகும்போது ஒரு நச்சையும் உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு 121 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதைவதில்லை. ஆகவே கெட்ட சோற்றைத் திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றால் பலர் நோயுற்றபோது இந்தத் தொடர்பு தெளிவாயிற்று: மொத்தமாக வடித்த சோற்றைக் குளிரூட்டாமல் வைத்திருந்து மறுபடி வறுத்ததே காரணம். இறைச்சிப் பண்டங்களில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் இதே வேலையைச் செய்கிறது. 43 முதல் 45 பாகை வெப்பத்தில் பத்து நிமிடத்துக்குள் அது இரட்டிக்கக்கூடியது. பெரிய பாத்திரத்தில் சமைத்து மெல்ல ஆறும் குழம்பு அதற்கு உவப்பான இடம். அமெரிக்காவில் இதனால் உண்டாகும் கூட்டு நோய்கள் நவம்பரிலும் டிசம்பரிலும், அதாவது விருந்து மாதங்களில்தான், மிகுதி.

சமைத்த பண்டம் 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றுவெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. சித்திரையிலும் வைகாசியிலும் சென்னையின் பகல் வெப்பம் 37 பாகையைத் தாண்டுவது வழக்கம். அந்த விதியை எழுத்துப்படி கொண்டால், தாம்பரத்தில் சமைத்த சாம்பார்சாதம் தரமணியை எட்டுவதற்குள்ளேயே காலாவதியாகிவிடும். சூட்டைக் காக்கும் ஹாட்பாக்ஸ் இதற்கு முழு விடையாகாது. நான்கைந்து மணி நேரத்தில் அதனுள் சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால், நுண்ணுயிர்க்கு மிகவும் பிடித்த வெப்பத்தில் பண்டத்தை மூடிப் பத்திரப்படுத்தியதாக ஆகிவிடுகிறது. கையைச் சுடாத 'சூடான' பிரியாணியைவிட முற்றிலும் ஆறிய புளிச்சோறு நம்பத்தக்கது.

புளிப்பு அங்கேதான் காவலுக்கு வருகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால் நச்சு உண்டாக்கும் பல பாக்டீரியாக்களால் வளர முடிவதில்லை. புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் மிகுதி. மாங்காயில் சிட்ரிக்கும் மாலிக்கும் சேர்ந்திருக்கின்றன. முற்றிய பச்சை மாங்காயின் பிஎச் 3-ஐ ஒட்டியது. பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்து மாவுச்சத்து சர்க்கரையாகிறது. நுண்ணுயிரியல் தெரியாத காலத்திலேயே, வழிக்குக் கட்டும் சோற்றில் புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் தாராளமாக விழ வேண்டும், நீர் அறவே குறைய வேண்டும் என்று அனுபவத்தால் கண்டுகொண்டவர்களின் கூர்மை வியப்புக்குரியது.

சித்திரை, வைகாசி மாதங்களில் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல மாங்காய்ச் சாதத்தைவிடப் பொருத்தமான பண்டம் தமிழ்நாட்டில் இல்லை. மா மரம் மார்கழி, தை வாக்கில் பூக்கிறது. மாசி, பங்குனியில் வடுக்கள் உதிர்ந்து ஊறுகாய்ச் சாடிக்குப் போகின்றன. சித்திரை பிறக்கும்போது காய் திரண்டுவிடுகிறது. புத்தாண்டன்று மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி அந்தத் திரட்சியின் வரவேற்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரு மழைக் காலங்களின் தயவால் மா பருவம் தப்பியும் காய்ப்பதுண்டு, கோயம்பேட்டில் எந்நாளும் ஏதோ ஒரு மாங்காய் இருக்கும். ஆயினும் பருவக்காயின் விலையும் புளிப்பும் மணமும் வேறு. சாதத்துக்குக் கல்போல் இறுகிய நாட்டு மாங்காய் சிறந்தது. கிளிமூக்கு மாங்காயில் சதை மிகுதி, புளிப்பு மிதம்; உப்பு மிளகாயோடு கடித்துத் தின்ன அது இனிது, சாதத்துக்குப் போட்டால் அளவைக் கூட்ட வேண்டும். உள்ளே மஞ்சள் ஏறிய காய் கூடாது.

அரிசி பழையதாக இருக்க வேண்டும். தையில் வரும் புது அரிசி குழைந்து ஒட்டும். பொங்கலுக்கு அதுவே அழகு, சித்திரான்னத்துக்கு அதுவே கேடு. ஓராண்டு இருப்பிலிருந்த பொன்னியோ சோனா மசூரியோ நீரைக் குறைத்து வைத்தால் உதிரியாக வரும். வெந்தவுடன் அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மஞ்சள்தூள் தூவி, மர அகப்பையால் பரப்ப வேண்டும். பாட்டிமார் பருக்கை உடையாமலிருக்கச் சொன்ன இந்தப் படி, இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறது: பானைக்குள் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்திருக்கும் சோறு, மெல்லிய படலமாகப் பரவியதும் சில நிமிடங்களில் ஆறிவிடுகிறது, ஆவியும் வெளியேறிவிடுகிறது. சூடாகவே டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்துச் சொட்டி மேற்சோறு சளசளத்துப்போகும். கெடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மாங்காயைத் துருவி, கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கி, உப்பும் வறுத்த வெந்தயப்பொடியும் சேர்த்து இறக்குவது எளிய முறை. கன்னட, தெலுங்கு நாடுகளை ஒட்டிய வீடுகளில் தேங்காயும் கடுகும் மிளகாயும் அரைத்துச் சேர்ப்பார்கள். சுவையில் அது ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தேங்காய் வெயிலில் விரைந்து ஊசிப்போகும், ஏழு மணி நேரக் காத்திருப்புக்கு ஏற்றதன்று. வதக்கிய மாங்காயை முந்திய இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். சோற்றை அப்படி வைக்கக் கூடாது. வெந்த மாவுச்சத்து குளிரக் குளிர மறுபடி இறுகும். குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் அந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது. இரவுச் சோறு காலையில் விறைத்திருப்பதற்கு இதுவே காரணம், திரும்ப ஆவி காட்டினாலன்றி இளகாது. ஆகவே சோறு காலையில் வடிய வேண்டும். கலக்கும்போது நாக்கில் படும் புளிப்பும் உப்பும் வேண்டிய அளவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். பகலுக்குள் பருக்கை அதை உள்ளே இழுத்துக்கொண்டு சமநிலைக்கு வந்துவிடும். வறுத்த நிலக்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய் மேசையில் தூவுவது நல்லது; முன்பே கலந்தால் நமுத்துவிடும். இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் வீட்டில் பிஎச் அளக்கும் வழியில்லை என்பதை மனத்தில் கொண்டு, பகல் உணவோடு தீர்த்துவிடுவதே முறை.

மற்றப் பருவங்களுக்கும் இதே கணக்குதான். கார்த்திகைக்குப் பின் பெருநெல்லி வந்ததும் துருவிய நெல்லிக்காய்ச் சாதம் மாங்காயின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புளியோதரைக்குப் பருவமே தேவையில்லை. எண்ணெய் பிரியும் வரை கொதித்த புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் இருக்கும். தயிர்ச் சாதத்தில் காலத்தைப் பகையாக்காமல் துணையாக்கும் உத்தி உண்டு: காலையில் ஆறிய சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைக் கரண்டியளவும் கலந்தால், வழியெல்லாம் உறைந்து பகலில் பக்குவமாகத் திறக்கும். முழுவதும் தயிரே கலந்தது அதற்குள் புளித்துக் காடியாகியிருக்கும். மார்கழித் திருவாதிரைக்குக் களியும் பல காய், கிழங்கு சேர்ந்த கூட்டும் வீடுதோறும் உண்டு. களி தாக்குப்பிடிக்கும், கூட்டு சூடாக வந்து சூடாகவே தீர வேண்டியது, தொலைவிலிருந்து வருபவர்க்கு உகந்ததன்று. தையில் மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. வேகவைத்த பனங்கிழங்கை நார் உரித்து நறுக்கி எடுத்துப்போனால், நகரத்தில் பிறந்து வளர்ந்த பலர் அன்றுதான் முதன்முறையாக அதைச் சுவைப்பார்கள்.

அளவில் எல்லாரும் தவறுவது ஒரே திசையில். இருபது பேருக்கு இருபது பேருக்கான முழுச் சோற்றைச் சமைத்துவிடுகிறார்கள். பத்துப் பண்டங்கள் இருக்கும் மேசையில் ஒருவர் ஒன்றிலிருந்து இரண்டு கரண்டிக்கு மேல் எடுப்பதில்லை. அரைக் கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ சோறாகும். இருபது பேருக்கு அது போதும். பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு வினைபுரிந்து களிம்பேறும்.

பாத்திரத்தின் மேல் ஒட்டும் சிறு சீட்டில் பண்டத்தின் பெயரோடு அதிலுள்ளவையும் எழுதப்பட வேண்டும். நிலக்கடலையும் முந்திரியும் சிலருக்கு உயிருக்கே ஆபத்தானவை. கூட்டுப்பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பது வழக்கம் என்பதால், கோதுமை ஆகாதவர்க்கு மாங்காய்ச் சாதமும் ஆகாது. சோறுதானே என்று நம்பி உண்பவர் இதை எதிர்பார்க்க மாட்டார். அமெரிக்க அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் எள் ஒன்பதாவதாக 2023 சனவரி முதல் சேர்ந்திருக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருப்பதால், எண்ணெய்தானே என்று விட்டுவிட முடியாது. வீட்டுப் பண்டத்துக்குச் சட்டம் பொருந்தாவிட்டாலும் அக்கறை பொருந்தும்.

இந்த மேசைக்குப் பின்னால் உள்ள உழைப்பு யாருடையது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2019-இல் நாடு முழுதும் நடந்த காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிட்டார்கள். இந்நிலையில் 'எல்லாரும் ஆளுக்கொன்று சமைத்து வாருங்கள்' என்ற அழைப்பு எல்லார் தோளிலும் ஒரே எடையாக இறங்குவதில்லை. அலுவலகம் போகும் பெண் நான்கு மணிக்கே எழுகிறாள். ஆண் கொண்டுவரும் பண்டத்தையோ பெரும்பாலும் வீட்டிலுள்ள இன்னொரு பெண் சமைத்திருக்கிறாள். சீட்டில் பண்டத்தின் பெயரோடு சமைத்தவரின் பெயரும் இருப்பது நியாயமான வழக்கமாக இருக்கும். விடுதியறையில் அடுப்பில்லாமல் தங்கியிருக்கும் இளைஞருக்கும் இடம் வேண்டும். நறுக்கிய வெள்ளரி, நுங்கு, நாவற்பழம், பனிக்காலத்தில் கொய்யா என்று அடுப்பு ஏறாத பருவப் பண்டங்கள் அவர்களுக்காகவே இருக்கின்றன. வெயில் நாளில் உரித்த நுங்குதான் மேசையில் முதலில் தீரும். இலையும் தண்ணீரும் பொறுப்பேற்பதும் பங்குதான்.

விருந்து முடிந்த பின் மிச்சத்தைப் பிரிப்பதில் தயக்கம் கூடாது. பாலும் தேங்காயும் இறைச்சியும் சேர்ந்தவை மேசையில் இரண்டு மணி நேரம் கிடந்திருந்தால் கொட்டப்பட வேண்டும். அவற்றைக் காவலருக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ மாலையில் எடுத்துக்கொடுப்பது தருமமாகாது. அவர்களுக்கும் பங்கு வேண்டுமென்றால் மேசை திறக்கும்போதே அழைத்து உடன் உண்ணச் செய்ய வேண்டும். புளிச்சோறு, மாங்காய்ச் சோறு போன்றவை மாலை வரை தாங்கும். தமிழ் வீடுகளில் அண்டைவீட்டார் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பாட்லக் முடிந்து கழுவிய பாத்திரங்களிலும், பக்கத்து மேசைக்காரர் மரத்தில் காய்த்த இரண்டு மாங்காயோ ஒரு கைப்பிடி கறிவேப்பிலையோ சேர்ந்து வீடு போவதுண்டு.